எத்தனை பனை தெரியுது?

— இன்னொரு தடவை சொல்லுங்கப்பா. ஓடுபாதை ஓரத்துல எத்தனை பனை தெரியுது?

— ஒண்ணுகூட முழுசா இல்ல யோவானா. அடிமரம்தான் தெரியுது. அவ்ளோ மூடுபனி.

— மணி ஒம்பதாச்சு. இன்னுமா கலையல?

— உன் விமானப் பள்ளிக்கூடத்து மணியைப் பாத்தா நம்ம பேனிச் சமவெளியில பனி கலையுது?

— கிண்டல் அப்புறம். தனியா ஓட்டிட்டுப் போய் மூணு பண்ணையில இறங்கிக் கையெழுத்து வாங்கணும். ரெண்டு ஆச்சு. மூணாவது நம்ம பண்ணை. சனிக்கிழமை அதிகாரி வர்றார். இன்னிக்கு விட்டா லைசென்ஸ் அடுத்த வருஷம்தான்.

— அடுத்த வருஷம் வாங்கிக்கயேன். நம்ம பண்ணையும் மாடும் அதுக்குள்ள எங்கயும் ஓடிடாது.

— காத்து எப்படி இருக்கு?

— காத்தா... பயங்கரம். தெக்கத்திக் காத்து. உங்கம்மா காயப்போட்ட துணியெல்லாம் வேலி தாண்டிப் போச்சு.

— இருங்க, இருங்க. பனியும் இருக்கு, காத்தும் அடிக்குதா?

— ஆமா.

— காத்து இப்படி அடிச்சா பனி நிக்காதேப்பா. எங்களுக்கு முதல் பாடமே அதான்.

— பாடம் எழுதினவன் நம்ம பக்கம் வந்திருக்க மாட்டான்.

— சரி... குளிருதா? ஜூலைக் குளிர்காலத்துல தெக்கத்திக் காத்துன்னா பல்லு கிட்டிக்கணும்.

— இல்லம்மா, வேர்த்துக் கொட்டுது.

— தெக்கத்திக் காத்துல வேர்க்குதா?

— பய... வேலை செஞ்சா வேர்க்காதா?

— எனக்கு ஒண்ணுமே புரியல. நோட்டுல எழுதி வச்சதெல்லாம் தலைகீழா இருக்கு. மேகம்?

— கன்னங்கரேல்னு. உச்சி தட்டையா, கொல்லன் பட்டறைக் கல்லு மாதிரி. கிட்டப் போனாலே விமானத்தை உடைச்சிடும்னு சொன்னியே... அதேதான்.

— பனையே தெரியாத பனியில மேகத்தோட உச்சி எப்படிப்பா தெரிஞ்சுது?

— நடுவுல... கொஞ்சம் விலகிச்சு.

— எது, பனியா?

— மேகம். இல்ல, பனி. என்னைக் குழப்பாதே!

— நானா குழப்புறேன்? பொலிவியா முழுக்கத் தேடினாலும் இப்படி ஒரு வானிலை கிடைக்காது!

— அது என்ன இரைச்சல்?

— எது?

— உன் பக்கம். கடகடன்னு.

— ஃபேன்ப்பா. பழைய ஃபேன்.

— ஜூலையில ஃபேனா?

— வேர்க்குதுன்னு நீங்கதானே சொன்னீங்க?... அம்மா எங்க?

— முத்தத்துல வாழைக்காயும் உப்புக்கண்டமும் இடிச்சிட்டிருக்கா.

— அந்தக் காத்துலயா?

— உள்ள! உள்ளதான்.

— அப்பா... சித்தப்பா நினைப்பு வந்துடுச்சா?

— ரெனே விமானத்தோட விழுந்த அன்னிக்கும் இதே ரேடியோவுலதான் நான் உக்காந்திருந்தேன். "அஞ்சு பனையும் தெரியுது, வாடா"ன்னேன். என் பேச்சை நம்பித்தான் கிளம்பினான்.

— நீங்க பாத்ததைத்தானே சொன்னீங்க? நடுவழியில மழைமேகம் பிடிச்சா உங்க தப்பா?

— தெரியல. பதினோரு வருஷமா யோசிக்கிறேன், தெரியல. பயமா இருக்கும்மா. இன்னொரு தடவை "வா"ன்னு என் வாயால சொல்ல முடியாது.

— சொல்ல வேண்டாம்ப்பா. நீங்க சொல்லவே வேண்டாம்.

— அப்ப வரமாட்டியே? பள்ளிக்கூடத்துலயே இருப்பியே?

— ஓடுபாதை நடுவுல அந்தச் செவலப் பசு ஏன் படுத்திருக்கு?

— அதுவா, நேத்துதான் கன்னு போட்டுச்சு. எவ்ளோ விரட்டினாலும் நகர மாட்டேங்கு... ஏய்! பசு படுத்திருக்கறது உனக்கு எப்படித் தெரியும்?

— அஞ்சு பனையும் தெரியுதுப்பா. அம்மா முத்தத்துல நின்னு உலக்கையைத் தூக்கி என்னைப் பாத்து ஆட்டுறா. வழியில ஒரு துண்டு மேகம்கூட இல்ல. ஹெட்போனைக் கழட்டிட்டு வெளிய வாங்க... வரும்போது பேனாவும் எடுத்துக்கங்க. முதல்ல பசுவை விரட்டுங்க, நான் இறங்கணும்.