சத்தம் வராத பெட்டி

பீங்கான் தட்டைப் படுக்கவைத்துக் கட்டக்கூடாது சார். முக்கால்வாசிப் பேர் ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கிவிட்டு, லாரி பள்ளத்தில் இறங்கியதும் தலையில் கை வைத்துக்கொள்கிறார்கள். தட்டு நின்றபடிதான் போக வேண்டும். சுற்றிலும் காகிதம் திணித்து, மூடியை ஒட்டி, லேசாக ஆட்டிப் பார்க்க வேண்டும். சத்தம் கேட்டால் உள்ளே இடம் காலியாக இருக்கிறது. திறந்து மறுபடி திணிக்க வேண்டும்.

வீட்டுச் சாமான் ஏற்றும் கம்பெனியில் எனக்கு இதுதான் வேலை. நான் கட்டியது எதுவும் உடைந்ததில்லை. உடைந்தது அக்காவின் இடுப்பெலும்பு மட்டும்தான். போன முறை நாங்கள் வீடு மாறியபோது படியில் சறுக்கிவிட்டாள். நான் நிலைக்கண்ணாடியைப் பிடித்திருந்தேன், அவளைப் பிடிக்கவில்லை. அந்த முறிந்த சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது. அவள் நாற்காலியை விட்டு எழுந்தாலே ஓடிப்போய்ப் பிடித்துக்கொள்வேன்.

இந்த முறை அவள் புது வீட்டுக்கு வரவில்லை என்றாள். மகள் வீட்டுக்குப் போகிறாளாம். மாடி வீடு. முகம் தெரிகிற மாதிரி வழவழவென்ற தரை. விழுந்துவிடுவாய் என்றேன்.

“நான் என்ன பீங்கான் ஜாடியாடா? அவ்வளவு பயமா இருந்தா என்னையும் காகிதத்துல சுத்தி அனுப்பு.”

யோசனை அவளுடையது. அதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

துணிகளைத் தொங்கவிட்டு அனுப்ப ஆளுயர அட்டைப்பெட்டி ஒன்று உண்டு. உயரம் பார்க்க வேண்டும், கொஞ்சம் உள்ளே நில்லு என்றேன். கைத்தடியை என்னிடம் கொடுத்துவிட்டு ஏறி நின்றாள். தம்பி சொன்னால் மறுபேச்சு பேசமாட்டாள்.

கால் பக்கம் தலையணைகள், இடுப்பைச் சுற்றி ரஜாய்ப் போர்வை. இடுப்புக்கு மட்டும் இரண்டாகப் போட்டேன்.

“டேய், விளையாட்டு போதும். கையை அசைக்க முடியல.”

அசையக்கூடாது, அதற்குத்தானே கட்டுவது. மூடி ஒட்டினேன். ஆட்டிப் பார்த்தேன். சத்தம் வந்தது.

திறந்தேன். கழுத்துக்கு மேல்தான் இடம் காலியாக இருந்தது. அவள் கண்ணைப் பார்க்கவில்லை. துண்டுகளைச் சுருட்டித் திணித்தேன். மறுபடி ஒட்டி, ‘உடையும்’ என்று எழுதி, மேல் பக்கம் எது என்று அம்புக்குறியும் போட்டேன்.

லாரியில் அந்தப் பெட்டியைக் கட்டிப்பிடித்தபடி வந்தேன். முதலில் உள்ளே லேசாகத் தட்டுகிற மாதிரி இருந்தது. ஏதோ இடித்துக்கொள்கிறதோ என்று இன்னும் இறுக்கிப் பிடித்தேன். பிறகு நின்றுவிட்டது. அப்போதுதான் எனக்கு மூச்சே வந்தது.

புது வீட்டில் நானே பிரித்தேன். விரல், முழங்கை, இடுப்பு எல்லாம் தடவிப் பார்த்தேன். ஒரு கீறல் இல்லை. நீங்கள் கொலை என்று எழுதுகிறீர்கள். எழுதுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் அவளிடம் எது உடைந்திருக்கிறது என்று மட்டும் காட்டுங்கள் சார்.