பரோம் கழகத்தின் பேரின்பநாயகம்

தலைமை தாங்கும் எமிலியானுஸ் அடிகளாரே, முன்வரிசையில் அமர்ந்திருக்கும் மரியமலர் அக்கா, எங்கள் வீரர்களே, சீசா, அல்பெர்கேரியாப் பகுதிகளிலிருந்து வேலையை விட்டுவிட்டு வந்திருக்கும் உறவுகளே, கழகச் செயலாளர் கனகேஸ்வரியின் வணக்கம். என் குரல் நடுங்கினால் அது துக்கத்தால் மட்டும் அல்ல. எனக்குப் பயமாக இருக்கிறது. இந்த மண்டபத்தில் பயமில்லாதவர் யார்?

மரியமலர் அக்காவின் கணவர், எங்கள் பயிற்றுநர், அமரர் பேரின்பநாயகம் அண்ணரைப் பற்றிப் பேசுவதென்றால் ரஷ்யாவிலிருந்துதான் தொடங்க வேண்டும். பலெர்மோத் தமிழரின் கால்பந்துக் கழகத்துக்குப் 'பரோம்' என்று ஏன் பெயர் என எத்தனை பேர் கேட்டிருக்கிறீர்கள்? அது ரஷ்யச் சொல். ஆட்களை ஆறு கடத்திவிடுகிற படகு. தாயகத்தில் நம்முடைய தீவுப்பகுதியில் 'பாதை' என்போமே, அது. லுகோவ்ஸ்க் என்ற ஆற்றங்கரைச் சிற்றூரில் படகுத் தொழிலாளர்கள் தொடங்கிய கழகம் அந்தப் பெயரோடு இருந்தது. உலகப் போரில் அதன் வீரர்கள் போர்முனைக்குப் போனார்கள். திரும்பி வந்தவர்கள் ஓர் அணிக்குப் போதவில்லை. தம்பிமாரையும் மச்சான்மாரையும் சேர்த்துக்கொண்டு மறுபடி விளையாடினார்கள். ஒருமுறை மாஸ்கோவின் பெரிய அணி ஒன்றையே வென்றார்களாம். உறைந்த ஆற்றின்மேல் நடந்து வந்து சனம் அந்த ஆட்டத்தைப் பார்த்ததென்று, தானே நேரில் பார்த்ததுபோல அண்ணர் சொல்வார்.

அவர் அங்கே போய்ச் சேர்ந்தபோது அந்தக் காலம் முடிந்திருந்தது. சோவியத் நாடு உடைந்து, படகுத்துறையும் மூடப்பட்டுவிட்டது. இத்தாலிக்கு அனுப்புவதாகச் சொன்ன ஏஜென்சிக்காரன் இவரை மாஸ்கோவில் விட்டுவிட்டு மறைந்தான். கடவுச்சீட்டும் அவனோடு போயிற்று. பொலிசுக்குப் பயந்து கிடைத்த ரயிலில் ஏறியவர் லுகோவ்ஸ்கில் இறங்கினார். பரோமின் பயிற்றுநர் கென்னாதி இவருக்கு மைதானத்தில் பனி அள்ளும் வேலையும், பார்வையாளர் படிக்கட்டுக்குக் கீழே படுக்க ஓர் இடமும் கொடுத்தார்.

பனி உருகிய காலத்தில் ஆட்டத்தில் பந்தயம் கட்டிய சிலர் ஆயுதத்தோடு மைதானத்துக்கு வந்தார்கள். வரும் சனிக்கிழமை ஆட்டத்தில் தோற்க வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனார்கள். கென்னாதி வீரர்களைக் கூப்பிட்டு நடந்ததை மறைக்காமல் சொன்னார். பயப்படுகிறவர்கள் வீட்டுக்குப் போகலாம் என்றார். ஒருவரும் போகவில்லை. விளையாடினார்கள், வென்றார்கள். அடுத்த கிழமை கென்னாதியின் கால்களை அடித்து முறித்தார்கள். ஆனாலும் கழகம் அன்றைக்குச் சாகவில்லை. முதலில் பின்வரிசை வீரன் ஒருவன் பயிற்சிக்கு வரவில்லை. பிறகு கோல் காப்பாளன். பிறகு இன்னும் சிலர். ஒரு சனிக்கிழமை எதிரணி மைதானத்தில் வந்து நின்றது. பரோமின் பக்கம் ஆட்கள் போதவில்லை. அதோடு முடிந்தது.

"அடிச்சவங்களாலை அந்தக் கிளப் சாகேல்லை, தங்கச்சி. ஒவ்வொருத்தரா வராமல் விட்டதாலை செத்தது," என்று என்னிடம் சொன்னார். சொல்லும்போது அவர் கண்ணில் கோபம் இல்லை. பயம் இருந்தது.

அந்தப் பயத்தையும் சுமந்துகொண்டுதான் இந்த ஊருக்கு வந்தார். பொலிதேயாமாப் பகுதியில் அலுவலகங்களைத் துப்புரவாக்கிக்கொண்டே, அதே பெயரில் நமக்கொரு கழகத்தைத் தொடங்கினார். போருக்குப் பிறகு வன்னியிலிருந்து வந்து, யாரோடும் கதைக்காமல் அறைக்குள் கிடந்த பிள்ளைகள் அவருடைய விசில் சத்தத்துக்கு வெளியே வந்தார்கள். இதைவிட ஒரு மனிதர் வேறென்ன செய்ய வேண்டும்?

பங்குனி மாதம் நம் மைதானத்துக்குச் சிலர் வந்தது உங்களுக்குத் தெரியும். அந்த நிலம் தங்களுக்கு வேண்டும், இனி இந்தப் பக்கம் வரக்கூடாது என்றார்கள். நாம் தொடர்ந்து அங்கே போய் விளையாடினோம். கோல் வலைகளை எரித்தார்கள். பிறகு நம் வீரன் தனுசன் வேலை முடிந்து வரும் வழியில் அடிபட்டான். பொலிசில் சொல்ல வேண்டும் என்று அண்ணர் சொன்னபோது நாங்கள் பின்வாங்கினோம். வதிவிட அனுமதியான பெர்மெஸ்ஸோ முடிந்து, புதியதற்குக் காத்திருக்கும் பிள்ளைகள் நம்மிடையே எத்தனை பேர்? அவருக்கு அது விளங்கியது.

"நான் தனியப் போறன். என்ரை பேரிலைதான் முறைப்பாடு. உங்களிலை ஒருத்தற்றை பேரும் வராது," என்றார்.

"அண்ணை, உங்களுக்குப் பயமில்லையோ?" என்று கேட்டேன்.

"பயந்தான். படுத்தால் நித்திரை வருகுதில்லை. அதுக்காகப் போகாமல் விடேலுமே?"

குவெஸ்தூராப் பொலிஸ் நிலையத்துக்குப் போய் முறைப்பாட்டில் கையெழுத்து வைத்தார். அடுத்த கிழமை, விடிய வேலைக்குப் போகும்போது, அவருடைய ஸ்கூட்டரை ஒரு வாகனம் இடித்துவிட்டு நிற்காமல் போனது. விபத்து என்கிறார்கள். விபத்தாகவும் இருக்கலாம். அப்படியே நம்பிவிட வேண்டும் என்று நான் தினமும் முயல்கிறேன். நம்ப முடிந்தவர்கள் இங்கே இருக்கிறீர்களா?

நேற்று என் மகன் நிரோசன், நம் கோல் காப்பாளன், வீட்டில் தன் சப்பாத்தைத் துடைத்துக்கொண்டிருந்தான்.

"ஞாயிறு போகாதையடா," என்றேன்.

"அப்ப கோலுக்கை ஆர் நிக்கிறது?"

"ஆரும் நிக்கட்டும். நீ வேண்டாம்."

"எல்லா வீட்டிலையும் அம்மாமார் இதைத்தான் சொல்லிக்கொண்டிருக்கினம், அம்மா."

குசினிக்குள் போய் அடுப்படியில் நின்று அழுதேன்.

அன்பானவர்களே, அவர் விட்டுச்சென்ற பணியைத் தொடர்வோம் என்று முடிப்பதற்காக ஒரு வாக்கியம் எழுதி வந்தேன். அதை வாசிக்க எனக்கு மனம் வரவில்லை. ஞாயிறு பிற்பகல் அதே மைதானத்தில் ஆட்டம் இருக்கிறது. நான் வருவேன். புதிய வலையை நானே கட்டுவேன். பதினொருவர் சேராவிட்டாலும் ஏழு பேர் இருந்தால் நடுவர் ஆட்டத்தைத் தொடங்கலாம் என்பது விதி. இந்த மண்டபத்துக்குள் நுழையும்வரை, வருகிறேன் என்று எனக்குச் சொன்னவர்கள் ஆறு பேர். என் மகன் அவர்களில் ஒருவன். அவனை இனி நான் தடுக்கமாட்டேன். ஏழாவது பெயர் இன்னும் வரவில்லை. யாரையும் வற்புறுத்த எனக்கு உரிமையில்லை. ஆனால் ஒருவர் எழுந்து தன் பெயரைச் சொல்லும்வரை, மன்னிக்க வேண்டும் அடிகளாரே, நான் இந்த மேடையை விட்டு இறங்கப் போவதில்லை.