அக்கா போட்டு முடித்தது

தேநீர் வேண்டாம், மேடம். தேநீர் பிடிக்காது என்றில்லை, அந்தக் காகிதக் கோப்பைதான் இடிக்கிறது. பேருக்குத்தான் காகிதம், உள்ளே பிளாஸ்டிக் பூச்சு இருக்கும். என் கைப்பையை வாங்கி வைத்துக்கொண்டீர்களே, அதில் ஒரு எவர்சில்வர் டம்ளர் இருக்கிறது. அதைத் தந்தால் உங்களுக்கும் ஒரு கோப்பைக் குப்பை மிச்சம். முடியாதென்றால் பரவாயில்லை, பேசி முடித்துவிட்டு வீட்டில் போய்க் குடித்துக்கொள்கிறேன்.

என் கடையை நீங்களே வந்து பார்த்திருக்கிறீர்கள். ‘இரண்டாம் சுற்று’. பழைய துணிகளைப் பிரித்து, வெட்டி, ஒன்றோடொன்று சேர்த்துத் தைத்து வேறு உருவம் கொடுத்து விற்கிறேன். கிழிந்த ஜீன்ஸ் தோள்பையாகும். அப்பாக்களின் சட்டை மகள்களுக்குக் கவுனாகும். எதற்கும் ஆகாத கந்தல் துணிப்பாம்பாகும். பாம்பு என்றதும் பயப்பட வேண்டாம், கந்தல் அடைத்த நீளமான உருளைதான். குளிர்காலத்தில் கதவிடுக்கிலும் ஜன்னல் சந்திலும் வைத்தால் குளிர்காற்று உள்ளே வராது, மின்சாரச் செலவு குறையும். கடையில் சக்கைப்போடு போடுவது அதுதான்.

கல்லூரிகளில் பேசக் கூப்பிடுவார்கள். மேடையேறியதும் முதலில் ஒன்று சொல்வேன்: பிறந்ததிலிருந்து இன்றுவரை ஒரு புதுத் துணிகூட நான் உடம்பில் போட்டதில்லை. பிள்ளைகள் வாயைப் பிளப்பார்கள். கைதட்டல் அடங்கக் கொஞ்ச நேரமாகும்.

இதில் பெரிய சாமர்த்தியம் எதுவும் இல்லை. எனக்கு ஓர் அக்கா இருந்தாள், அவ்வளவுதான். அவளுக்குக் குட்டையாகிப்போன கவுன் எனக்கு வரும். பள்ளிச் சீருடை, ஸ்வெட்டர், மழைக்கோட்டு, காலுறை, எல்லாமே அப்படித்தான். துணிக்கடைக்கு எங்கள் இரண்டு பேரையும்தான் அம்மா கூட்டிப்போவாள். நிறத்தை அக்கா சொல்லுவாள். “கொஞ்சம் பெருசாவே எடுங்க, சின்னவளுக்கும் ஆகும்” என்று அம்மா கடைக்காரரிடம் சொல்லுவாள். அந்தச் சின்னவள் பக்கத்தில்தான் நின்றுகொண்டிருப்பேன். சீருடைக் காலரில் அக்கா பேர் தைத்திருந்ததால் ஒரு டீச்சர் வருஷம் பூராவும் என்னை அக்கா பேரைச் சொல்லித்தான் கூப்பிட்டார். நானும் திருத்தவில்லை, எழுந்து நின்று பதில் சொன்னேன். வருத்தமாக இல்லையா என்று சிலர் கேட்பார்கள். எனக்கு எதற்கு வருத்தம்? மற்றவர்கள் நாற்பது வயதில் வகுப்புக்குப் போய்க் கற்றுக்கொள்கிற வாழ்க்கை எனக்குத் தொட்டிலிலேயே கிடைத்துவிட்டது.

அக்காவுக்கு மட்டும் அந்தப் பாடம் ஏறவே இல்லை. நல்ல வேலை, நல்ல சம்பளம், கேள்வி கேட்காத அத்தான். அவர்கள் வீட்டில் ஓர் அறை முழுக்கத் துணி. பார்சல்காரர் அழைப்புமணி அடிக்கிற விதத்திலேயே, அது அக்காவுக்கு வந்தது என்று தெரிந்துவிடும். சாம்பல் நிறத்தில் ஒரு கோட்டு இருக்கும், அதே சாம்பலில் இன்னொன்றும் இருக்கும். கேட்டால், “இது வேற சாம்பல்டி” என்பாள். சிரிப்பு வரும், வயிறும் எரியும்.

ஆனால் வருஷத்துக்கு ஒருமுறை அந்த அறையைக் காலி செய்து, பை பையாக எனக்குத் தருவாள். உண்மையைச் சொன்னால் என் கடை ஓடியதே அந்தப் பைகளால்தான். நல்ல லினன், நல்ல கம்பளி, ஒரே தடவை போட்டுக் கழற்றியவை. எனக்கென்று சிலதை எடுத்து வைத்துக்கொள்வேன். எங்கள் இரண்டு பேருக்கும் ஒரே உடல்வாகு. கை நீளம் மட்டும் எனக்குக் கொஞ்சம் குறைவு, மடித்துவிட்டால் தெரியாது.

இந்த வருஷம் அந்தப் பைகள் வரவில்லை. கேட்டேன்.

“உனக்கு இனிமே பை கிடையாதுடி. எல்லாத்தையும் மால்ல பழைய துணிக்குன்னு ஒரு பெட்டி வச்சிருக்காங்கல்ல, அதுல போட்டுடப்போறேன்.”

“ஏன்க்கா, நான் என்ன தப்புப் பண்ணேன்?”

“தப்பெல்லாம் ஒண்ணும் இல்ல. இன்னும் எத்தனை நாளைக்கு என் பழசையே கட்டிக்கிட்டு அழுவ? போதும்.”

சிரித்துக்கொண்டே சொன்னாள். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அந்தப் பெட்டியில் விழுகிற துணியில் பாதி கப்பலேறி, எங்கோ கண்காணாத ஊரில் மலையாகக் குவியும் என்று படித்துப் படித்துச் சொன்னேன். காதிலேயே வாங்கிக்கொள்ளவில்லை.

இங்கேதான் நீங்கள் கொஞ்சம் நிதானமாக யோசிக்க வேண்டும், மேடம். ஒரு நல்ல பருத்திச் சட்டைக்கு எவ்வளவு தண்ணீர், எவ்வளவு சாயம், எவ்வளவு புகை. அக்காவுக்கு ஐம்பதுகூட ஆகவில்லை, தலைவலி என்றுகூடப் படுக்காத உடம்பு. எங்கள் குடும்பத்துப் பெண்கள் நீண்ட நாள் இருப்பவர்கள் வேறு. இன்னும் எத்தனை அறை நிரம்பும்? வாங்குவதை நிறுத்தச் சொல்லி எத்தனையோ வருஷம் சொல்லிப் பார்த்துவிட்டேன். சொல்லிப் பயனில்லை என்று ஆனபிறகு வேறு வழி யோசிப்பதுதானே புத்திசாலித்தனம்.

அத்தான் வேலையாக வெளியூர் போயிருந்தார். தனியாக இருக்கப் பிடிக்கவில்லை என்று அக்கா என்னை வரச்சொன்னாள். சும்மா இருப்பானேன் என்று வீடு முழுக்கத் துணிப்பாம்பு வைத்துக் கொடுத்தேன். அக்காவுக்கு ஒரே சந்தோஷம். அந்த வாரத்தில்தான் குளியலறை கேஸ் ஹீட்டரைப் பார்க்க ஹீட்டர்காரர் வந்தார். அக்கா ஆபீஸ் போனில் இருந்தாள். அவர் என்னிடம் சொன்னார்:

“மேல இருக்கிற சின்ன ஜன்னலை மட்டும் அடைச்சுடாதீங்கம்மா. இதுலேருந்து வர்ற வாயுவுக்கு வாசனை கிடையாது. தூக்கம் வர்ற மாதிரி இருக்கும், அப்புறம் எந்திரிக்கவே மாட்டாங்க. அக்காகிட்ட மறக்காம சொல்லிடுங்க.”

சொல்கிறேன் என்றேன். நல்ல மனிதர், டம்ளரில் தண்ணீர் கொடுத்தேன், குடித்துவிட்டுப் போனார். அக்காவிடம் சொல்ல மறந்துவிட்டேன் என்று முதலில் உங்களிடம் சொன்னேன் அல்லவா? மறக்கவில்லை.

மறுநாள் சாயங்காலம் அக்கா குளிக்கப் போவதற்கு முன்னால், அந்த ஜன்னலுக்கு அளவெடுத்த மாதிரி ஒரு பாம்பை வைத்தேன். கதவை அவள் மூடியதும் கீழிடுக்கில் வெளியிலிருந்து இன்னொன்று. வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான் என்பதால் அவள் தாழ்ப்பாள் போடவில்லை. குளித்துக்கொண்டே பாடுவது அவள் வழக்கம். பாட்டை நிறுத்திவிட்டு உள்ளேயிருந்து கேட்டாள்:

“ஏய், எப்படிடி இவ்வளவு கதகதப்பா இருக்கு?”

“காத்து வர்ற வழியெல்லாம் அடைச்சுட்டேன்க்கா.”

“கெட்டிக்காரிடி நீ.”

அக்கா வாயால் அப்படி ஒரு வார்த்தை கேட்டதில் எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. ஆளில்லாத அறைகளில் விளக்கை அணைத்தேன். பிறகு அந்தத் துணி அறைக்குப் போய் லினனைத் தனியாக, கம்பளியைத் தனியாகப் பிரிக்க ஆரம்பித்தேன். பாட்டு எப்போது நின்றது என்று கவனித்தேன். உடனே எழுந்து போகவில்லை, கம்பளி இன்னும் பாக்கி இருந்தது.

அதன்பின் மூக்கில் துணியைக் கட்டிக்கொண்டு உள்ளே போனேன். முதலில் ஹீட்டரை அணைத்தேன், கேஸ் வீணாக எரிந்துகொண்டிருந்தது. பாம்பு இரண்டையும் எடுத்துக்கொண்டு, ஜன்னலையும் கதவையும் திறந்துவைத்துவிட்டு ஆம்புலன்ஸுக்குப் போன் செய்தேன். அழுதேன். அது நடிப்பு இல்லை, மேடம். அவள் என் அக்கா.

எல்லாரும் விபத்து என்றுதான் சொன்னார்கள். ஹீட்டர்காரர் மட்டும், ஜன்னல் திறந்திருந்தால் இப்படி நடக்கவே நடக்காது என்று சாதித்திருக்கிறார். அதனால்தானே நீங்கள் சாதாரண உடையில் என் கடைக்கு வந்தீர்கள்? வேறு யாராக இருந்தாலும் அந்தப் பாம்பை என்றைக்கோ குப்பையில் எறிந்திருப்பார்கள். எனக்கு மனம் வரவில்லை. நல்ல துணி. சோப்புக்காயில் ஊறவைத்துத் துவைத்து, காயவைத்து, கடைத் தட்டில் வைத்தேன். நீங்கள் கையில் எடுத்துப் பார்த்துவிட்டு, “இதென்ன, கோடு கோடா கறை?” என்று கேட்டீர்கள்.

எங்கள் கடையில் ஒரு கொள்கை உண்டு. ஒவ்வொரு பொருளும் எங்கிருந்து வந்தது, எங்கே இருந்தது என்று வாங்குபவரிடம் மறைக்காமல் சொல்லிவிடுவோம். அப்படித்தான் உங்களிடமும் சொன்னேன்: “பாத்ரூம் ஜன்னல் கம்பியோட துருங்க. எவ்வளவு துவைச்சும் போகல, அதான் விலை கம்மி.” யார் வீட்டுப் பாத்ரூம் என்று கேட்டீர்கள். அதையும் சொன்னேன். நீங்கள் பை வேண்டாம் என்று சொல்லி, கையோடு கொண்டுவந்த பையில் போட்டுக்கொண்டபோது எனக்கு உங்களை ரொம்பப் பிடித்துப்போனது. அது பிளாஸ்டிக் பை என்பதை அப்புறம்தான் பார்த்தேன்.

அத்தான் பாவம். அந்த அறைக்குள் போகவே முடியவில்லை என்று எல்லாத் துணியையும் என்னிடமே கொடுத்துவிட்டார். ஒன்றுகூட வீணாகவில்லை. போன வாரம் சிக்னலில் ஒரு பெண் அக்காவின் சாம்பல் கோட்டில் நின்றுகொண்டிருந்தாள். எந்தச் சாம்பல் என்றுதான் தெரியவில்லை.

கடைசிப் பையோடு ஒரு பெட்டியும் கொடுத்தார். பிரிக்காத பெட்டி.

“இது உனக்கும்மா. உன் பிறந்தநாளுக்குன்னு அவ தைக்கச் சொல்லி வாங்கி வச்சிருந்தா. சின்ன வயசுலேருந்து உனக்குப் பழசையே குடுத்து அவளுக்கு மனசு உறுத்திக்கிட்டே இருந்துச்சாம். இனிமே உனக்குப் புதுசுதான் வாங்கித் தருவேன்னு சொல்லிக்கிட்டிருந்தா.”

இதோ போட்டிருக்கிறேனே, இதுதான். வாங்கிய கடைக்கே திருப்பி அனுப்பியிருக்கலாம். அதற்கு ஒரு வண்டி வரவேண்டும், ஒரு அட்டைப்பெட்டி வேண்டும், அத்தனை புகை. அதனால்தான் வைத்துக்கொண்டேன். கை நீளம் பாருங்கள், மணிக்கட்டில் வந்து சரியாக நிற்கிறது. மடிக்கவே வேண்டியதில்லை.

ஆமாம், ஜன்னலை அடைத்தது நான்தான். என்ன ஆகும் என்று தெரிந்துதான் அடைத்தேன். அப்படியே எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். பொறாமை என்று மட்டும் எழுதிவிடாதீர்கள், அந்தச் சொல் எனக்குப் பொருந்தாது. இன்னொன்று. வெளியே நிற்கிற பெண் காவலர், வேறு உடை தருகிறேன், இதைக் கழற்றிக் கொடுங்கள், துவைத்துத் தருகிறோம் என்றார். பெட்டியைத் திறந்த நாளிலிருந்து இதையேதான் போட்டுக்கொண்டிருக்கிறேன் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். கொடுக்க மாட்டேன் என்று அவரிடம் சொல்லிவிடுங்கள். புதுத் துணிக்கு ஒரு வாசனை இருக்கிறது, துவைத்தால் போய்விடும். அதற்காக இல்லை, மேடம். தண்ணீரை மிச்சப்படுத்தத்தான்.