எட்டு மடங்கு காணும்

ஸ்தாசியோனே சென்ட்ராலே ரயில் நிலையத்துக்குப் பக்கத்துக் கமராக் கடையில், வரிசையில் எனக்கு முன்னால் நின்ற பெண் சொன்னாள்: "மலையிலை நிண்டு பார்த்தால் அந்த ஜன்னல் தெரிய வேணும். அதுதான் எனக்குத் தேவை."

அவள் கையில் இரண்டு பைனாக்குலர்கள் இருந்தன. கண்ணில் வைப்பதற்கு முன் இரண்டின் கண்ணாடியையும் சால்வை நுனியால் துடைத்தாள். கடைக்காரர் முகம் சுளித்தார்.

"பெரிசை எடுங்கோ அக்கா. பன்னிரண்டு மடங்கு காட்டும்" என்றாள் கூட வந்தவள்.

"அது பாரம். பிடிக்கேக்கை கையும் ஆடுது. வாங்கினால் வீட்டிலைதான் கிடக்கும். இது எட்டு மடங்கு, கைப்பைக்குள்ளை போகும், நடக்கேக்கை கழுத்தும் நோகாது."

"ஆரின்ரை ஜன்னல்?"

"நான் வேலை செய்யிற வீட்டு அம்மா, என்ரை சிஞ்ஞோராவின்ரை. பதினெட்டு வருசமா நான்தான் துடைக்கிறன். துடைக்கேக்கை ஒவ்வொரு நாளும் பெல்லெக்ரினோ மலை தெரியும். ஒருநாளும் ஏறினதில்லை. வாற வியாழன் பின்னேரம் எனக்கு லீவு. ஏறப் போறன்."

"ஏறி நிண்டு, ஜன்னல் ஊத்தையோ எண்டு பார்க்கவோ?"

"ஓம். ஊத்தையாக் கிடந்தாலும் இறங்கி வரமாட்டன்."

சின்னதையே கடைக்காரரிடம் நீட்டினாள்.