ஆடி முடியட்டும்

— சீட்டை இன்னும் கொஞ்சம் பின்னால சாச்சுக்கோ தாரணி. ஓரத்துல பிடி ஒண்ணு இருக்கும் பாரு, அதை மேல தூக்கினா போதும். ஏழு மாச வயித்தை வச்சுக்கிட்டு நிமிந்து உக்காந்தபடியே உங்கம்மா வீடு வரைக்கும் வர முடியுமா?

— பரவால்ல மாமா. இப்படியே இருக்கேன்.

— ஏசி ஜாஸ்தியா இருக்கா? ஸ்வல்ப குறைக்கட்டுமா?

— வேணாம்.

— வெளியிலேருந்து பாத்தா சின்ன வண்டி. உள்ள உக்காந்தா அப்படித் தோணுதா சொல்லு. இப்ப ஒரு ஸ்பீட் பிரேக்கர் தாண்டினோமே, தெரிஞ்சுதா உனக்கு?

— தெரியல.

— பாத்தியா. முப்பது வருஷம் இந்த பெங்களூர்ல ஸ்கூட்டர்ல ஆபீஸ் போனவன் நான். அடுகோடில எந்தக் குழி எங்க இருக்குன்னு என் முதுகைக் கேட்டா சொல்லும். இதுல ஒண்ணுமே தெரியல. ஸ்டியரிங்குக்கு ஒரு விரல் போதும். மெத்தையில உக்காந்து போற மாதிரி இருக்கு.

— நாலாவது கியர் போடுங்க மாமா. வண்டி இரையுது.

— போடறேன், போடறேன். அறுபது வயசுல லைசென்ஸ் எடுத்தவன்மா, மூணுக்கு மேல போனாலே பயம். உன் வீட்டுக்காரன் அஷ்வின் இருந்திருந்தா இந்நேரம் என்னைப் பின்சீட்ல தள்ளிட்டு அவன் ஓட்டியிருப்பான்.

— அத்தை ஏன் மாமா வாசலுக்குக்கூட வரல? உள்ளேயே நின்னு குங்குமப்பூ டப்பாவைக் கையில திணிச்சுட்டுப் போயிட்டாங்க.

— உன் மேல ஒண்ணுமில்லம்மா. வனஜாவால இந்த வண்டியைப் பாக்க முடியல. அஞ்சு மாசமா கொல்லைப்பக்கமாத்தான் கடைக்கே போறா. ஒரு நாளும் இதுல ஏறினதில்ல.

— வித்துடலாம்ல?

— எப்படிம்மா விக்கறது? அஷ்வின் பாத்துப் பாத்து புக் பண்ணின வண்டி. நாலு கம்பெனி புஸ்தகத்தையும் சாப்பாட்டு மேஜை மேல பரப்பி வச்சுக்கிட்டு எனக்குப் பாடம் எடுத்தான். அப்பா, இதுல கால் நீட்டலாம், அம்மாவுக்கு முட்டி வலிக்காது, பின்சீட்டை மடிச்சா ஊருக்கு எடுத்துட்டுப் போற மூட்டை முடிச்செல்லாம் அடங்கும்னான். சில்வர் கலர்தான் வேணும்னு ஒத்தைக் கால்ல நின்னான்.

— தெரியும் மாமா. என்கிட்டயும் தூங்கவிடாம அதைத்தான் பேசிட்டிருந்தார்.

— பிள்ளை பொறந்து மூணாம் மாசம் நானே வரேன், இதே வண்டில. பின்சீட் பூரா உனக்கும் குழந்தைக்கும்தான். அதுக்குள்ள நாலாவது கியரும் பழகியிருக்கும். வருவல்ல?

— இது எந்த இடம் மாமா?

— எலக்ட்ரானிக் சிட்டி தாண்டியாச்சு. நான் கேட்டதுக்குப் பதில் சொல்லம்மா.

— அப்ப ஹெப்பகோடி வரப்போகுது.

— கண்ணை மூடிக்கோ. ரெண்டு நிமிஷம், தாண்டிடலாம்.

— நிறுத்துங்க.

— வேணாம்மா. வயித்துப்பிள்ளைக்காரி, அந்த இடத்துல நிக்கக் கூடாது.

— நிறுத்துங்க மாமா. அவர் விழுந்த இடத்தை நான் இதுவரைக்கும் பாத்ததே இல்ல. என்னை யாரும் கூட்டிட்டு வரல.

— சரி, ஓரம் கட்டிட்டேன். இறங்காத. அதோ, அந்த டீக்கடைக்கு முன்னால. தண்ணி தேங்கியிருந்துதாம். பைக் சறுக்கி லாரிக்கு அடியில... வேணாம்மா, போதும், கிளம்பலாம்.

— லாரி போற சத்தம்கூட உள்ள கேக்கல.

— கண்ணாடியை ஏத்திட்டா கேக்காது. அவ்வளவு நல்ல வண்டி. இதுக்குள்ள உக்காந்து போயிருந்தா என் பிள்ளை...

— அழாதீங்க மாமா. இந்தாங்க, தண்ணி குடிங்க.

— தாரணி, உன்கிட்ட ஒண்ணு சொல்லணும். சொன்னா நீ திரும்பி வராமப் போகலாம். சொல்லாம உன் பிள்ளையைத் தூக்கற தைரியம் எனக்கில்ல. வண்டி ஆடி பதினஞ்சுலயே வந்துடுச்சும்மா. வண்டி என் பேர்லதானே, ஷோரூம்காரர் எனக்குத்தான் ஃபோன் பண்ணார். 'ஆஷாட முடிஞ்சுது சார், ஸ்ராவணம் பொறந்தாச்சு, நாளைக்கே எடுத்துக்கங்க'ன்னார். ஆஷாடம்னா அவங்க ஆடி, அமாவாசையோட கழிஞ்சுடும். நான்தான், 'கன்னடக்காரங்க உங்களுக்கு முடிஞ்சிருக்கலாம், நாங்க தமிழ்க்காரங்க, எங்களுக்கு இன்னும் பாதி ஆடி இருக்கு, ஆவணி ஒண்ணாந்தேதி வரோம்'னு சொன்னேன்.

— அவர்கிட்ட என்ன சொன்னீங்க?

— வண்டி இன்னும் வரலைன்னேன். உண்மையைச் சொன்னா, 'ஆடியாவது ஒண்ணாவது'ன்னு அன்னிக்கே போய் எடுத்துட்டு வந்துடுவான். ஆடி இருபத்தஞ்சு, விடாம மழை. ரெயின்கோட்டை மாட்டிக்கிட்டு பைக்கை உதைக்கறான். நான் காபி குடிச்சுக்கிட்டே பாத்துட்டிருந்தேன். வண்டி ஷோரூம்ல பத்து நாளா நனையாம நிக்குது.

— அத்தைக்குத் தெரியுமா?

— யாருக்கும் தெரியாது. ஆனா அஞ்சு மாசமா நீ என் முகத்தைப் பாத்துப் பேசறதில்ல. உனக்கு எப்படியோ தெரிஞ்சுபோச்சோன்னு தோணிக்கிட்டே இருக்கு.

— தெரியும் மாமா.

— எப்படிம்மா?

— நீங்க ஃபோனை வீட்டுல வச்சுட்டு வாக்கிங் போயிருந்தப்ப ஷோரூம்லேருந்து மறுபடியும் ஃபோன் வந்துச்சு. 'சார் ஆடி கழிச்சு எடுத்துக்கறேன்னார், இன்ஷூரன்ஸ் பேப்பர்ல மட்டும் ஒரு கையெழுத்து வேணும்'னாங்க. நான்தான் எடுத்தேன்.

— அப்ப எல்லாம் தெரிஞ்சுக்கிட்டுத்தான் எனக்குச் சோறு போட்டியா? திட்டிடும்மா. இங்கயே திட்டி முடிச்சுடு. ஆனா குழந்தையை மட்டும் காட்டாம இருந்துடாத.

— உங்களை என்னன்னு மாமா திட்டறது? அப்ப எனக்கு நாள் தள்ளி ஒரு வாரம். அவர்கிட்டகூட இன்னும் சொல்லல. ஆடில புது வண்டி வாசலுக்கு வந்து, தங்கினது கலைஞ்சுட்டா என்ன பண்றதுன்னு எனக்கும் பயம்.

— தாரணி...

— அன்னிக்கு ரெயின்கோட்டை மாட்டறப்ப அவர் என்கிட்ட கேட்டார் மாமா. 'ஷோரூம்லேருந்து ஃபோன் ஏதாவது வந்துச்சா? வந்திருந்தா இப்பவே ஆட்டோல போய் வண்டியை எடுத்துட்டு வந்துடறேன்'னார். வரலைன்னு நான்தான் சொன்னேன்.