நாலாம் நம்பர் தாள்

— நாலாம் நம்பர் தாளை முதல்ல போடுன்னு எத்தனை தடவை சொல்றது தம்பி?

— பசங்களுக்குக் கொடுக்கற தாள்களோட லிஸ்ட்டுக்குன்னு ஒரு வரிசை இருக்குக்கா. முதல்ல நேரத் திட்டம், ரெண்டாவது குறிப்பெடுக்கறது, மூணாவது...

— வரிசையாவது கிரிசையாவது! கேட்டுக்கோ. இந்த லிஸ்ட் யாருக்குப் போகுது? நம்மள மாதிரி மத்த காலேஜ்கள்ல பசங்களுக்குப் படிக்க உதவி பண்றவங்களுக்கு. அவங்களுக்கு நிக்க நேரம் இருக்காது, மேல இருக்கறதைப் பார்த்துட்டுப் போயிடுவாங்க. பதிமூணு வருஷமா இந்த மையத்துல நான் செஞ்ச ஒரே உருப்படியான காரியம் அந்த நாலாம் தாள்தான்.

— தப்பா நினைக்காதீங்க, அதுல மூணே வரிதான்கா இருக்கு.

— அந்த மூணு வரிக்கே எனக்கு ஆறு மாசம் ஆச்சு. "திருத்தம் வந்தால் வாதாடாதே. முதலில் ஒத்துக்கொள். பிறகு சரிசெய்." பசங்களுக்குச் சிவப்பு மையைப் பார்த்ததுமே மூக்குக்கு மேல கோவம் வந்துடும், வாத்தியார்கிட்ட மல்லுக்கு நிப்பாங்க. இதைப் படிச்சவங்க நிக்க மாட்டாங்க.

— சரி, முதல்ல போட்டுட்டேன். இப்பவாவது கொஞ்சம் உக்காருங்க. காலையிலேர்ந்து மேசைக்கும் கதவுக்கும் நடந்துக்கிட்டே இருக்கீங்க.

— ரெண்டு வாரம் மாமியாரோட ஆஸ்பத்திரியில கிடந்துட்டு வந்தா அப்படித்தான். மனசு ஒரு இடத்துல நிக்க மாட்டேங்குது. ஆமா, சன்னல் பொண்ணு ஏன் இன்னிக்கு வரல?

— எந்தப் பொண்ணு?

— முதல் வருஷம். சன்னலோரமா உக்காரும், வாயே திறக்காது. செவ்வாய்க்கிழமை பதினோரு மணின்னா டாண்ணு வந்துடும். நீ பார்த்திருக்க மாட்டே. நீ சேர்ந்த நாலாம் நாளே நான் லீவுல போயிட்டேன்.

— முதல் வருஷமா? ஒல்லியா, நீலப் பை மாட்டிக்கிட்டு? ஆபீஸ் வாசல்ல நிக்கறதைப் பார்த்தேன்.

— அதேதான்.

— அது கமிட்டிக்குப் போயிருச்சேக்கா.

— என்ன கமிட்டி?

— படிப்பிலேர்ந்து நீக்கற கமிட்டி. இன்னிக்கு மூணு மணிக்கு. ரெண்டு பாடத்துல ஃபெயில். உதவிக்கு வந்துக்கிட்டிருந்தவங்களுக்கு இன்னொரு வாய்ப்பு தருவாங்க. இந்தப் பொண்ணு ஒரு தடவைகூட வரலயாமே.

— யாரு வரல?

— அந்தப் பொண்ணுதான். ஏழு தடவையும்.

— உனக்கென்ன மூளை குழம்பிப் போச்சா? ஏழு தடவையும் வந்துச்சுப்பா! இதோ, இந்த நாற்காலியில, எனக்கு எதிர்ல உக்காந்து எழுதுச்சு. வரலன்னு யார் சொன்னது?

— உங்க நோட்டுதான் சொல்லுது. நீங்க லீவுல இருந்தப்போ ஆபீஸ்ல வருகை ரிப்போர்ட் கேட்டாங்க. நோட்டைப் பார்த்து நான்தான் கம்ப்யூட்டர்ல ஏத்தினேன். ஒரு நிமிஷம்... இதோ பாருங்க. ஏழு செவ்வாய்க்கிழமை. ஏழுலயும் "வ.இ."

— ஆமா. வ.இ. "வந்தார், இன்னும் வரணும்."

— என்னது?

— வந்தாச்சு, வேலை முடியல, இன்னும் வரணும். வேலை முடிஞ்சிருந்தா வெறும் "வ." ஆள் வரலன்னா ஒரு கோடு. இது கூடவா தெரியாது?

— புதுசா சேர்றவங்களுக்குக் கொடுக்கற கையேட்டுல வேற மாதிரி இருக்குக்கா. "வ.இ. என்றால் வரவு இல்லை." கடைசிப் பக்கம். அதை வெச்சுத்தானே ஏத்தினேன்.

— எவன் எழுதின கையேடு அது? என் கையில மட்டும் கிடைச்சான்னா...

— ஒரு நிமிஷம். கீழ பொடி எழுத்துல "தொகுத்தவர்"னு... அக்கா, நீங்கதான்.

— கொண்டா இங்க.

— பன்னெண்டு வருஷம் முன்னாடி.

— ஐயோ. ஐயோ கடவுளே. ஆரம்பத்துல அப்படித்தான் குறிச்சேன். அப்புறம் நான் பாட்டுக்கு மாத்திக்கிட்டேன். நோட்டு எழுதறது நான் ஒருத்திதானேன்னு கையேட்டைத் தொடவே இல்ல.

— நான் கேட்டிருக்கணும். போன் பண்ணலாம்னுதான் எடுத்தேன். ஆஸ்பத்திரியில இருக்கீங்களே, எதுக்குத் தொந்தரவுன்னு வெச்சுட்டேன்.

— யார் தலையில யார் குட்டறதுன்னு அப்புறம் பார்த்துக்கலாம். மணி என்ன?

— ரெண்டு முப்பத்தஞ்சு.

— கமிட்டி ஆபீசுக்குப் போன் போடு. நான் அந்தப் பொண்ணு எழுதின ஏழு வரைவையும் எடுக்கறேன். ஒவ்வொண்ணுலயும் தேதி இருக்கு, என் கையெழுத்து இருக்கு. அதைவிட என்ன சாட்சி வேணும்? பச்சை ஃபைல், பச்சை ஃபைல்... இங்கதானே வெச்சேன்!

— உங்க கையிலதான்கா இருக்கு.

— அட, ஆமா. ஏழும் இருக்கு. முதல் வாரம் நாலே வரிதான் எழுதுச்சு அது. ஏழாவது வாரம் மூணு பக்கம். அடிச்சு அடிச்சுத் திருத்தி எழுதின பொண்ணு. அதைப் போயி வரலன்னு... போன் என்னாச்சு?

— ரிங் போகுது. ஹலோ, கற்றல் உதவி மையத்துலேர்ந்து பேசறேன். மூணு மணி கமிட்டி விஷயமா... ஆமா, முதல் வருஷ மாணவி... அப்படியா? ... சரிங்க. நாங்க ஒரு திருத்தம் கொண்டு வரோம். நன்றிங்க.

— என்ன சொன்னாங்க? வாயைத் திறந்து சொல்லேன்!

— எழுத்துல கொண்டு வரணுமாம். ஆனா பயப்படாதீங்க. அந்தக் கேஸ்ல சிக்கலே இல்லையாம். பேச்சுக்கே இடமில்ல, ரெண்டு நிமிஷத்துல முடிஞ்சிடும்னாங்க.

— அப்பாடா! வயித்துல பாலை வார்த்தே. வாயில்லாப் பூச்சின்னு நினைச்சேன், அதுவே போய்ச் சண்டை போட்டிருக்கும் போல. போடட்டும், நல்லா போடட்டும்! நீ எழுது.

— எழுதிட்டேன். "மேற்படி மாணவி ஏழு முறையும் வந்தார். பதிவில் பிழை. பிழை எங்களுடையது." சரியா?

— "என்னுடையது"ன்னு போடு. பிரிண்ட் எடு.

— பேப்பர் சிக்கிக்கிச்சுக்கா.

— அடச்சே! இதுக்கு நேரம் காலமே கிடையாதா? பக்கவாட்டுல ஒரு தட்டு தட்டு. மணி?

— நாற்பத்தாறு. வந்துடுச்சு, வந்துடுச்சு. இங்க கையெழுத்துப் போடுங்க. யாரோ கதவைத் தட்டறாங்க.

— யாரா இருந்தாலும் அப்புறம் வரச் சொல்லு!

— அக்கா, அந்தப் பொண்ணுதான்.

— மேடம், உள்ள வரலாமா?

— வா கண்ணு, வா! உன்னைப் பத்தித்தான் தலையைப் பிச்சுக்கிட்டிருக்கோம். காலையில ஏன் வரல?

— லைப்ரரி புத்தகமும் உங்க தாள்களும் என்கிட்ட இருந்துச்சுங்க மேடம். திருப்பிக் கொடுத்துட்டு, உங்ககிட்ட சொல்லிட்டுப் போகலாம்னு வந்தேன்.

— அதெல்லாம் நீயே வெச்சுக்கோ. கேட்டுக்கோ, பெரிய தப்பு நடந்துபோச்சு. முழுக்க என் தப்பு. இதோ, கையோட போய்ச் சரி பண்ணிடறேன். நீ கமிட்டிக்குப் பதில் எழுதினியா? நல்லா உறைக்கிற மாதிரி எழுதினியா?

— எழுதிட்டேங்க மேடம். முதல்ல குழப்பமாத்தான் இருந்துச்சு. நாம வந்தோமேன்னு தோணுச்சு. ஆனா நீங்க கைப்பட எழுதின நோட்டுலயே வரலன்னுதான் இருக்குன்னாங்க. நீங்க எழுதினா காரணம் இல்லாம இருக்காதுல்ல? சும்மா வந்து உக்காந்துட்டுப் போனா வந்ததா ஆகாது போலன்னு நினைச்சுக்கிட்டேன்.

— ஐயோ, என்னம்மா சொல்றே? என்ன எழுதிக் கொடுத்தே?

— நாலாம் நம்பர் தாள்ல இருக்கற மாதிரியேங்க மேடம். வாதாடல. "ஆமாம், ஏழு முறையும் நான் வரவில்லை"ன்னு ஒத்துக்கிட்டு, கையெழுத்துப் போட்டுக் கொடுத்துட்டேன்.