ஓர நாற்காலி

இருமல் மிட்டாய் சுற்றி வரும் காகிதம் இருக்கிறதே ஐயா, அதைப் போல எரிச்சலூட்டும் பொருள் வேறில்லை. மெதுவாகப் பிரித்தால் இன்னும் அதிகமாகக் கேட்கும். அதனால்தான் எங்கள் திரைப்படக் கழகத்தில் பைகளை உள்ளே விடுவதில்லை. எல்லாம் வெளியே மேசையில் இருக்கும். படம் ஆரம்பித்ததும் கதவை வெளியிலிருந்து பூட்டிவிட்டு, பக்கத்துப் படியேறி மேலே படம் ஓட்டும் அறைக்குப் போய்விடுவேன். நடுவில் யாராவது கதவைத் திறந்தால் திரையில் வெளிச்சம் விழும் இல்லையா? கதவுக்கு உட்பக்கம் கனத்த கறுப்புத் திரைச்சீலை தொங்கும். இரண்டுக்கும் இடையில் ஓர் ஆள் நிற்கலாம். சாவி என் சட்டைப் பையில் இருக்கும். பிறருடைய அமைதியைக் காப்பதும் ஒரு தொண்டு என்று நம்புகிறவன் நான்.

அன்று மத்தியானம் போட்டது விண்வெளிப் படம். ராக்கெட், சண்டை எதுவும் கிடையாது. ஆளில்லாத கிரகத்தில் ஒரு விளக்குக் கோபுரம், அதைக் காக்க ஒரே ஒரு பெண். அவளுக்கு மாற்றாக ஆள் வரப்போவதாகச் செய்தி வருகிறது. தினமும் இரண்டு தட்டுகளை வைத்துக்கொண்டு கதவையே பார்த்தபடி சாப்பிடுகிறாள். பார்க்கிறவர்களில் பாதிப் பேர் தூங்கிவிடுவார்கள். மீதிப் பேர் ஆயுள் முழுக்க அதையே பேசிக்கொண்டிருப்பார்கள். நான் தனியாகப் போட்டுப் போட்டுப் பார்த்தவன். அதில் வரும் ஒவ்வொரு பெருமூச்சும் எனக்கு மனப்பாடம். அன்று வந்திருந்த அத்தனை பேருக்கும் அது முதல் தடவை. என் அக்காவுக்கும்.

அம்மா போன பிறகு என்னை வளர்த்தவள் அக்காதான். அவளுக்கு மூச்சிழுப்பு உண்டு. இருட்டும் அடைசலும் சேர்ந்தால் நெஞ்சை அடைத்துக்கொள்ளும். நான் காட்டிய எந்தப் படத்தையும் அவள் முழுதாகப் பார்த்ததில்லை. பாதியில் பயந்து எழுந்துவிடுவாள்.

"ஏன்டா தம்பி, நீ போடற படத்துல ஒருத்தரும் வாயே திறக்கறதில்லையே, எல்லாருக்கும் பல்வலியா?" என்றாள் வாசலில்.

பின்னால் நின்ற பல் டாக்டர், "அப்படின்னா எங்கிட்ட அனுப்பி வைங்கம்மா, ஒரு வழி பண்ணிடலாம்" என்றார். அக்கா சிரித்தாள். பிறகு பையை இறுக்கிக்கொண்டாள்.

"இன்ஹேலர் இதுலதான்டா இருக்கு."

"இங்கே மேசைமேலதானேக்கா இருக்கப்போகுது? உனக்காக மட்டும் விதியை மாத்தினா நல்லா இருக்குமா?"

"சரி. பயமா இருந்தா கதவைத் தட்டுவேன். திறந்துவிடுவியா?"

"திறக்காம?"

அவளுக்கு ஓர நாற்காலி கொடுத்தேன். முதுகுக்குத் தலையணை வைத்தேன். குளிருக்கு என் சால்வையைப் போர்த்திவிட்டேன். இப்படிச் சின்னச் சின்னதாய்ச் செய்வதில்தான் கடவுள் இருக்கிறார் என்பது என் எண்ணம்.

படத்தின் கடைசிப் பகுதியில் கோபுர விளக்கு அணைந்துவிடும். திரை கிட்டத்தட்ட இருட்டு, அவள் முகம் மட்டும் மங்கலாய்த் தெரியும். காற்றின் உறுமல் மட்டும் கேட்கும். அந்தப் பெண் மெல்லத் தலைதூக்கிக் கதவைப் பார்ப்பாள். அப்போதுதான் நான் அறைச் சன்னல் வழியாகக் கீழே பார்த்தேன். ஓர நாற்காலி காலி. சால்வை தரையில் கிடந்தது.

பிறகு கதவு தட்டும் சத்தம் கேட்டது. மிகவும் மரியாதையான தட்டல்.

அரங்கமே உறைந்துபோனது ஐயா. ஒருவர் பக்கத்திலிருந்தவர் கையைப் பிடித்துக்கொண்டார். பல் டாக்டர் நாற்காலி நுனிக்கு வந்துவிட்டார். யாரும் திரும்பிப் பார்க்கவில்லை, எல்லோர் கண்ணும் திரையில். இத்தனை வருடத்தில் ஒரு படத்தைப் பார்த்து மனிதர்கள் அப்படி நடுங்கி நான் கண்டதில்லை. அதைக் கலைக்க எனக்கு மனம் வரவில்லை. அக்காவும் இன்னும் சற்றுப் பொறுத்தால், பயத்தைத் தாண்டி வந்துவிடுவாள் என்று பட்டது. பயந்தவர்களைப் பாதியில் வெளியே விடுவது அன்பு ஆகாது.

தட்டல் வேகமானது. அப்புறம் கதவின் கீழ்ப்பக்கத்திலிருந்து, நகத்தால் கீறுவது போலக் கேட்டது. இழுப்பு வந்தால் குரல் எழும்பாது. அதனால் அவள் கூப்பிடவில்லை. நான் காற்றின் ஒலியைக் கொஞ்சம் கூட்டி வைத்தேன். சத்தம் போடுவது அவள்தான் என்று தெரிந்தால் எல்லோர் முன்னாலும் கூசிப்போவாளே, அதற்காகத்தான். ஒரு பிரார்த்தனை சொல்லிக்கொண்டேன்.

கீறல் நின்றது. திரையில் அந்தப் பெண் தட்டின்மேல் தலை கவிழ்த்தாள். எல்லாம் ஒன்றாய்ப் பொருந்தி வந்தது.

விளக்கைப் போட்டேன். பல் டாக்டர் கண்ணைத் துடைத்துக்கொண்டு என் சன்னலைப் பார்த்து, "கை காலெல்லாம் சில்லிட்டுப் போச்சுங்க. ஆனா ஒண்ணு புரியல. அவ்வளவு நேரம் தட்டறாங்களே, கதவைத் திறக்காம எப்படி உட்கார்ந்திருக்க முடிஞ்சது?" என்றார்.

இறங்கிப் போய்ப் பூட்டைத் திறந்தேன். ஏதோ கனமாகத் தடுத்ததால் கதவு பாதிதான் திறந்தது. அவள் கை இன்னும் சூடாக இருந்தது.

படத்தில் வரும் சத்தம் என்று நினைத்ததாக எல்லோரும் உங்களிடம் சொல்லியிருக்கிறார்கள். அவர்கள் பொய் சொல்லவில்லை. முதலில் நானும் அப்படித்தான் சொன்னேன். ஆனால் அவர்கள் முதல் தடவை பார்த்தவர்கள் ஐயா, அவர்களுக்கு எப்படித் தெரியும்? அந்தப் படத்தில் கடைசிவரை யாரும் வந்து கதவைத் தட்டுவதே இல்லை.